ரோபோ அலமாரி

"ம்மா, அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் ஒரு ரோபோவோட கால்கூட வெளிய தெரியக் கூடாது. சொல்லிட்டேன்!"

ஆதவன் அலமாரி முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரை ரோபோக்கள். எல்லாம் ஜப்பான் கார்ட்டூனில் வருபவை. பார்த்தால் ரயில், தோளைத் திருப்பி, காலை இழுத்துவிட்டால் ரோபோவாகி எழுந்து நிற்கும். தீயணைப்பு வண்டியும் அப்படித்தான், விமானமும் அப்படித்தான். பக்கத்து ஆசிரமத்துக்கு வருஷா வருஷம் வரும் ஜப்பான்காரர்களிடம் சொல்லி வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. வேங்கிக்காலில் சொந்தமாக பிரவுசிங் சென்டர் நடத்துகிற பையனுக்கு இதென்ன கிறுக்கு என்று தெருவே கேட்டு ஓய்ந்துவிட்டது.

"ஆசையா சேத்து வெச்சுட்டு இப்ப எதுக்குடா ஒளிக்கிற?" என்றாள் அம்மா ஜோதியம்மாள்.

"போன தடவ வேலூர்லருந்து வந்தவங்க இன்னா சொன்னாங்க? 'இவ்ளோ பெரிய புள்ள பொம்மை வெச்சிருக்கான், இந்தச் சம்பந்தம் நமக்கு ஒத்து வராது'னு காபியக்கூட குடிக்காம எழுந்து போகல? இதுவும் என்னால நின்னுபோச்சுன்னா நான் தாங்க மாட்டேம்மா."

ஜோதியம்மாள் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துணியைத் தேடி எடுத்து, அலமாரியை மறைத்துக் கட்டினாள். கட்டியதோடு விட்டிருக்கலாம். மொட்டையாக இருக்கிறதே என்று அண்ணாமலையார் படத்தை வேறு அதன் மேலே மாட்டி வைத்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

சாயங்காலம் கீழ்பென்னாத்தூரிலிருந்து மூர்த்தி வந்தார். வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர் என்று தரகர் ராணியம்மாள் சொல்லியிருந்தாள். கூடவே காலேஜ் முடித்த மகள் சினேகா, கையில் தாம்பூலத் தட்டோடு.

"வாங்க, உக்காருங்க," என்று ஆதவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இருப்பா. நல்ல காரியம் பேச வந்திருக்கோம். மொதல்ல சாமி கும்பிட்டுடலாம்," என்ற மூர்த்தி, மேலே படத்தைப் பார்த்தார். கீழே மஞ்சள் திரையைப் பார்த்தார். பூஜை அலமாரி என்றே முடிவு கட்டி, மகளிடமிருந்து தட்டை வாங்கி அதன் முன்னால் பயபக்தியோடு வைத்தார்.

"ஐயோ, அது இல்லீங்க... சாமி சமையக்கட்டு பக்கத்துல..." ஆதவனுக்கு நாக்குக் குழறியது.

அதற்குள் அவர் கண்ணை மூடியபடியே திரையை விலக்கிவிட்டு, கைகூப்பி நின்றார். கண்ணைத் திறந்தால், எதிரே வரிசை வரிசையாக ரோபோக்கள்!

சினேகா களுக்கென்று சிரித்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாப்பா இது?"

"ரோபோங்க... என்னுதுங்க."

மூர்த்தி ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் எங்க வெக்கறதா உத்தேசம்?"

போச்சுடா என்று நினைத்தான் ஆதவன். "எங்கயும் வெக்க மாட்டேங்க. நாளைக்கே யாருக்காச்சும் குடுத்துடறேன். என்னோட கிறுக்குத்தனத்தால இந்தக் கல்யாணம் மட்டும் நின்னுடக் கூடாதுங்க."

காபியோடு வந்த ஜோதியம்மாள் தம்ளர்களை மேஜையில் வைத்தாள்.

"அவன் ஏங்க குடுக்கணும்? குடிச்சானா, ஊர் சுத்தினானா? சொந்த சம்பாத்தியத்துல ஆசைப்பட்டுச் சேத்தது. அவனுக்குனு இருக்கற சந்தோஷமே இது ஒண்ணுதான். இதத் தூக்கிப் போட்டாத்தான் கல்யாணம்னா, அந்தக் கல்யாணமே வேணாங்க."

"ம்மா! கொஞ்சம் சும்மா இரேன்!" ஆதவன் அழாத குறை.

மூர்த்தி நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்தார். காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"நான் எங்கங்க வேணாம்னேன்? ஜாஸ்தியா இருக்குதே, கண்ணாடி போட்ட அலமாரியா ஒண்ணு செய்யச் சொல்லலாம்னுதான் கேட்டேன்." ஜோதியம்மாளை நிமிர்ந்து பார்த்தார். "பெத்த புள்ளைய விட்டுக் குடுக்காத மனசு இருக்குதே, அது போதும் எனக்கு. ஆனா முடிவு எங்க பொண்ணுதான் சொல்லணும். சினேகா, உனக்குச் சம்மதம்னாத்தான் மேல பேச்சு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளோ ரயிலை எடுத்து முறுக்கிக்கொண்டிருந்தாள். பாதியில் ரோபோவின் கை மாட்டிக்கொண்டது.

"மொதல்ல தோள திருப்பணுங்க. அப்புறம்தான் கை வரும்," என்று ஆதவன் மெல்லச் சொல்லிக் கொடுத்தான். டக்கென்று தலை வெளியே வந்து, ரோபோ அவள் உள்ளங்கையில் எழுந்து நின்றது. முகமெல்லாம் சிரிப்பாக அதை மறுபடியும் அலமாரியில் வைத்தாள்.

"எனக்கு முழுச் சம்மதம்ப்பா," என்றாள் சினேகா. பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அம்மா இல்லாம ஒத்தப் பொண்ணாவே வளந்துட்டேன். இனிமே உங்கள அண்ணானு கூப்பிடலாமில்ல?"

அவன் தலையாட்டுவதற்குள், தாம்பூலத் தட்டிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துப் போய், கணவர் இறந்த நாளிலிருந்து பூவே வைக்காத ஜோதியம்மாளின் கூந்தலில் வைத்துவிட்டாள்.