வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

“தாழ்ப்பாளை ஏன் உள்பக்கம் போட்டீங்க? வெளிப்பக்கம்னுதானே சொன்னேன்?”

தச்சர் உளியைக் கீழே வைத்தார். கதவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“உள்ள இருக்கட்டுமேன்னு போட்டேன் அக்கா. உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லாத ரூம்ல ஒரு மனுஷி எப்படி இருப்பாங்க?”

“பாதி வேலையில பிளானை மாத்தினா எந்த வேலையும் முடியாது அண்ணே. கழட்டி வெளியில போடுங்க.”

“சரிங்க அக்கா. உங்க வீடு, நீங்க சொல்றதுதான்.”

இந்தத் தச்சர் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமிதம். கணவர் இருந்தவரை வேலையாட்களுக்கு அவள் தேநீர் கொண்டு வருபவள் மட்டும்தான். கொழுந்தனோடு கூட்டுச் சேர்ந்து இந்தப் பழைய வீட்டை வாங்கிப் பழுதுபார்க்கத் தொடங்கிய பிறகுதான் அவள் குரலுக்கு ஒரு கனம் வந்திருந்தது.

பாடமெல்லாம் கொழுந்தன் சொல்லிக் கொடுத்தது. கான்ட்ராக்டரிடம் வீட்டுச் சாவியை விட்டுவைக்கக் கூடாது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவருக்கு வண்ணம் அடிக்கக் கூடாது. கூட்டு என்று வந்துவிட்டால், சொந்தக்காரர் ஆயிற்றே என்று எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

அந்தக் கடைசிப் பாடத்தை அவள் அவனிடமே திருப்பிக் காட்டினாள். கணவர் அவள் பெயரில் விட்டுப்போன கடைத்தெருக் கட்டடத்தை விற்றுவிடலாம், கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டு வந்தபோது மறுத்துவிட்டாள். அந்த வாடகையும் நின்றுபோனால் மிச்ச வாழ்க்கைக்கும் அவன் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அவன் கோபப்படவில்லை. “தேறிட்டீங்க அண்ணி,” என்று சிரித்தான். அதன் பிறகு கையெழுத்துப் பேச்சையே எடுக்கவில்லை.

பழுதுபார்க்கும் வேலை முடியும் முன்பே இந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பிடித்தவனும் அவன்தான். புத்தி பேதலித்த சொந்தக்காரப் பெண் ஒருத்தியை வைத்துப் பார்த்துக்கொள்ள யாரோ ஒருவர் வீடு தேடுகிறாராம். அந்த மனிதரை அவள் பார்த்ததே இல்லை. அவர் கேட்டவை மட்டும் கொழுந்தன் வாய்வழியாக வந்துகொண்டிருந்தன. கூரையில் கொக்கி கூடாது. சுவர் முனைகளை மழுக்கிவிட வேண்டும். ஜன்னலுக்கு இரட்டைக் கம்பி. அந்தம்மா சற்றுக் குள்ளம், அலமாரி தாழ்வாக இருக்கட்டும். இடது கைப் பழக்கம், சுவிட்சை அதற்குத் தோதாக வைக்க வேண்டும்.

“அட, என்னை மாதிரியே இருக்காங்களே,” என்றாள் அவள்.

“நல்லதாப் போச்சு அண்ணி. உங்க கைக்கு எட்டினா அவங்க கைக்கும் எட்டும்.”

அதற்குப் பிறகு அந்த முகம் தெரியாதவள் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. காலி மாடிப்படியில் ஏறினால், தனக்குப் பின்னால் ஒரு காலடி தயங்கித் தயங்கி வந்தது. திரும்பினால் சிமெண்ட் தூசிதான். காயாத சுவரில் உள்ளங்கையை வைத்தால், மறுபக்கத்திலிருந்து இன்னொரு உள்ளங்கை அழுத்துவது போல இருந்தது. யார் இவள்? யாருக்கு, எப்போது பாரமாகிப் போனாள்? தன்னை எங்கே கொண்டுபோகிறார்கள் என்றாவது அவளுக்குத் தெரியுமா? யாரும் கேட்காமலே, விடிய விடிய எரிவதற்கு ஒரு சின்ன விளக்கு போடச் சொன்னாள். இருட்டு தனக்கு ஆகாது. அவளுக்கும் ஆகாது என்று ஏனோ உறுதியாகத் தோன்றியது.

தச்சர் தாழ்ப்பாளை வெளியே மாற்றி, இழுத்துக் காட்டினார். அது கிறீச்சிட்டது.

“எண்ணெய் போடுங்க அண்ணே. சத்தம் கேட்டா அந்தம்மா பயந்துருவாங்க.”

அவர் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் பலமுறை நகர்த்தினார். சத்தம் அடங்கியது.

“இன்னொண்ணு. சில்லறை வேலைக்கு இன்னும் கொஞ்ச நாள் வருவீங்கல்ல? அவங்க ரொம்பத் தெளிவாப் பேசுவாங்களாம். எனக்கு ஒண்ணுமில்ல, திறந்து விடுங்கன்னு கெஞ்சுவாங்களாம். பாவம் பார்த்துத் திறந்துடாதீங்க.”

தச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“தெரியும் அக்கா. உங்க கொழுந்தன் சார் மொதல்லயே சொல்லிட்டாரு.”

மாலையில் கொழுந்தன் வந்தான். மழுங்கிய முனைகளைத் தடவிப் பார்த்தான். சுவிட்சைப் போட்டு அணைத்தான். யாரோ பெரிய மனிதரிடம் பாராட்டு வாங்குவது போல அவள் கதவோரம் காத்து நின்றாள்.

“நானே செஞ்சிருந்தாலும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்க மாட்டேன் அண்ணி. கட்டில்ல உட்கார்ந்து பாருங்க, தெரு தெரியுதான்னு.”

அவள் உட்கார்ந்தாள். ஜன்னலை அந்த உயரத்தில் வைக்கச் சொன்னதும் அவள்தான். படுத்தே கிடப்பவளுக்கும் நாலு மனிதர்கள் தெரிய வேண்டும் என்று நினைத்திருந்தாள். தெரு நன்றாகவே தெரிந்தது. எதிர்வீட்டு மதில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில், கொழுந்தனின் கார் வாசலிலிருந்து கிளம்பிப் போவதும் தெரிந்தது.

திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. எழுந்து போய்த் தள்ளினாள். இரண்டு கையாலும் தள்ளினாள். தாழ்ப்பாள் நகர்ந்ததே அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

வெளியே தச்சர் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணே, கதவைத் திறங்க. யாரோ தெரியாமச் சாத்திட்டாங்க. எனக்கு ஒண்ணுமில்ல அண்ணே, இது என் வீடு.”

பைக்குள் சாமான்கள் விழும் சத்தம் நின்றது. பிறகு, வேலை தொடங்கிய நாளிலிருந்து அவளிடம் மட்டுமே பேசிவந்த அந்தக் கனிவான குரலில் அவர் சொன்னார்:

“ஆமாக்கா. உங்க வீடுதான். யாரு இல்லேன்னது?”