முப்பத்திரண்டாவது படம்

முப்பத்தொரு படங்களை மேசையில் பரப்பினேன். இருக்க வேண்டியது முப்பத்திரண்டு.

எட்டு எட்டாக நான்கு வரிசை. கடைசி வரிசையில் ஒன்று குறைவது தெரியாதபடி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். ராணுவ ஆவணப் பிரிவில் இருபது வருடம் கோப்பு தூக்கியவளுக்கு இந்தச் சாமர்த்தியம்கூட இல்லாவிட்டால் எப்படி?

மீதிப் படம் என் கைப்பையில் இருந்தது. என் மகன்.

அவன் என் மகன் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. விசாரணை அதிகாரி நேற்றுத்தான் தலைமையகத்திலிருந்து வந்தவர். சுவரோரம், படங்களில் இருந்த சிப்பாய்களின் படைப்பிரிவுக் கேப்டன் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் மேசை தெரியாது. காலையிலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டேன்.

அந்தப் படைப்பிரிவு ஓர் ஊருக்குள் புகுந்து பதினேழு பேரைச் சுட்டது என்பது புகார். தப்பிப் பிழைத்த ஒரே பெண் என் எதிரே இருந்தாள்.

மகன் லீவில் வந்து ஒன்பது நாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம்.

பயப்படாமல் பார்க்கும்படி அதிகாரி சொன்னார். அவள் விரல் ஒவ்வொரு படமாக நகர்ந்தது. ஆறு முகங்களில் நின்றது. நின்றபோதெல்லாம் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டேன். மேசையிலேயே இல்லாத முகத்துக்காக இப்படிப் பயப்படுகிறேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசி வரிசை முடிந்தது. அவள் மறுபடியும் முதலிலிருந்து தேடினாள். ஒருத்தன் இல்லை என்றாள்.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"சின்ன வயசுப் பையன் ஐயா. சுடாதீங்கன்னு குறுக்க வந்து நின்னான். என்னைப் பின்பக்கமா ஓடச் சொன்னதும் அவன்தான். அவனையும் சுட்டுட்டாங்களா?"

பெற்றவள் நான். ஒன்பது நாளும் அவனைக் கொலைகாரன் என்று முடிவுகட்டிக்கொண்டு அவனுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. படத்தை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டேன்.

கேப்டன் எழுந்தார். ஒரு போன் பேசிவிட்டு வருவதாக அதிகாரியிடம் அனுமதி கேட்டார். வாசலுக்குப் போகிறவர் என் பக்கத்தில் நின்று, மெல்லக் குனிந்தார்.

"பையன் வீட்லதானேம்மா இருக்கான்?"