மூன்றாவது வாரமாக

புதுக் காருக்கு மெழுகு பூச அவர் மூன்றாவது வாரமாக வந்திருந்தார்.

“போன வாரம் போட்ட வாக்ஸே அப்படியே இருக்கு சார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போதும்,” என்றான் கடைக்காரன்.

“பரவாயில்ல, போடு.”

அவன் பஞ்சை வட்டமாகத் தேய்த்தான். அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு சார்.”

வேலை முடிந்து சாவியை நீட்டினான். “இனி ஆறு மாசம் கழிச்சு வாங்க சார்.”

சாவியோடு அவன் கையையும் அவர் பிடித்துக்கொண்டார்.

“இந்தக் காரை வாங்கினதே உன்னைப் பாக்கத்தான்டா. நீ வீட்டுக்குக்கூட வர வேணாம். பெத்த அப்பனை சார்னு மட்டும் கூப்பிடாத.”

மகன் காரையே பார்த்தபடி நின்றான்.

“அடுத்த வாரமும் கொண்டு வாங்க.”

அவர் காத்திருந்தார். பின்னால் ‘சார்’ வரவில்லை.