மான் முட்டிய கதவு

மிச்சிகனில் காட்டுச் சாலையில் குறுக்கே பாய்ந்த மான் முட்டியதில், வெர்னாவின் பழைய கார் கதவில் பெரிய ஒடுக்கு விழுந்துவிட்டது.

"காயலாங்கடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள் பட்டறையில். அவள் முகம் வாடிப்போயிற்று.

"விடு, ஒடுக்கை நானே எடுத்துடறேன்" என்றார் கணவர் எல்வுட்.

எதிர்வீட்டு கஸ் சிரித்தார். "உனக்கு எதுக்குப்பா இந்த வேலை?"

"முடிச்சதும் வந்து பாரு."

எல்வுட் உள்பக்கமிருந்து தகரத்தைத் தட்டித் தட்டி வெளியே தள்ளினார். பட்டி பூசி, தேய்த்து, உள்ளங்கையால் தடவினார். வெர்னாவுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அவரோ, "இங்க இன்னும் மேடு இருக்கு" என்று மறுபடி தேய்த்தார். கடைசியில் அவள் பெயின்ட் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கஸ் வந்து, குனிந்தும் நிமிர்ந்தும் கதவைப் பார்த்தார்.

"ஒடுக்கு எங்கப்பா இருந்துச்சு? என் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலையே."

"என் கண்ணுக்கும்தான்" என்றார் எல்வுட்.

வெர்னா சிரித்துக்கொண்டே, சுவரில் சாய்த்திருந்த வெள்ளைக் கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பார்வை போய் எத்தனை வருஷமாச்சுன்னு உங்களுக்கே தெரியும் கஸ். கையாலயே பாத்துப் பாத்து எடுத்தாரு. வாங்க எல்வுட், ஏறுங்க. முதல்ல அந்தப் பட்டறைக்குப் போவோம்."

தெருவே பார்க்கட்டும் என்று, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காரை மெதுவாக ஓட்டிப் போனாள்.