பலகை தூக்கும் நாள்

"பிள்ளைய எங்க ஒளிச்சு வச்சிருக்கே வீரலட்சுமி? சொல்லிரு."

"கொன்னாலும் சொல்ல மாட்டேன்யா."

குடிசை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் அவள். ஓவர்சியர் ஐசக்குக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நேற்றுவரை அவரிடம்தான் சாந்துச்சட்டி சுமந்தாள். வாய்க்கு வாய் அய்யா, அய்யா என்று கூப்பிட்டவள், இப்போது எமனைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள்.

அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. போடி முழுக்க அப்படித்தான் கிடந்தது. பட்டப்பகல். தெருவில் ஒரு பொடிசு இல்லை. கோலிக்குண்டுச் சத்தம் இல்லை, அழுகை இல்லை, அடிதடி இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் காலி பெஞ்சுகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஐசக் நடந்து வந்த வழியெல்லாம் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஒரு கதவுக்குப் பின்னால் சிணுங்கத் தொடங்கிய குழந்தையின் குரல் பாதியிலேயே அமுங்கிப்போனது. அந்த மனிதருக்கே முதுகு சில்லிட்டுவிட்டது என்றால் பாருங்களேன்!

எல்லாம் அந்த மூடு வாய்க்காலால் வந்த வினை. மலைவெள்ளம் ஊருக்குள் புகாமல், தெருச் சாக்கடையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, தரைக்கு அடியிலேயே ஊரைத் தாண்டிப் போகிற வாய்க்கால். உள்ளே ஆள் குனிந்து நடக்கலாம். கட்டும்போது மண் இளகி இரண்டு தடவை சுவர் சரிந்தது. அவ்வளவுதான், வாய்க்கால் தலைப்பிள்ளையைக் காவு கேட்கிறது என்று எவனோ கொளுத்திப் போட்டுவிட்டான். ஊர்ப் பெரியவர்கள் கூடி, வாய்க்கால் வாயை அடைத்திருந்த பலகையைத் தூக்கித் தண்ணீர் விடுவதாக இருந்ததோ வெள்ளிக்கிழமை. அன்றைக்கென்று பார்த்து அமாவாசை. கேட்கவா வேண்டும்!

"ஒம் புருஷனப் போன ஐப்பசி வெள்ளம் கொண்டுபோச்சு. இன்னொரு வீட்டுல அப்படி எழவு விழக்கூடாதுன்னுதான் ராப்பகலா நின்னு கட்டுனேன். நான் போயி ஒம் பிள்ளையத் தொடுவேனா?"

"அப்ப எதுக்கு அவள நாடா வச்சு அளந்தீக?"

ஐசக் திகைத்துப்போனார். முத்துப்பேச்சிக்கு ஐந்து வயது. அம்மா சாந்து சுமக்க, அது மணலில் விளையாடிக்கொண்டிருக்கும்.

"அளந்துட்டு, சரியா இருக்கும்னு சொன்னீக. இந்தக் காதால கேட்டேன்யா."

"அடிப் பாவி மகளே! எம் மக கிரேஸோட கவுனு அவளுக்குச் சரியா இருக்கும்னுல்ல சொன்னேன்! இந்தா, கொண்டாந்திருக்கேன் பாரு."

கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். ரோஸ் நிறக் கவுன். வீரலட்சுமி இரண்டடி பின்னால் போனாள்.

"காவு குடுக்கிற பிள்ளைக்குப் புதுத்துணி உடுத்துவாகளாமே."

நல்லது செய்யப் போனாலும் பொல்லாப்பு. ஐசக் தலையில் கை வைத்துக்கொண்டார். மேலே ஏலக்காட்டுப் பக்கம் மேகம் கறுத்து இறங்கியிருந்தது.

"நீங்க தலைகீழா நின்னாலும் அந்த எடம் ஒங்க நெனப்புல வராதுய்யா" என்றாள் அவள். குரல் நடுங்கினாலும் அதில் ஒரு தைரியம் இருந்தது. "எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான். வியாழக்கிழம ராவோட எடத்த மாத்திருவேன். வெள்ளிக்கிழம கழியட்டும், நானே கூட்டியாறேன்."

அப்போதுதான் குடிசைக்குப் பின்னால், மண்ணுக்கு அடியில் ஏதோ முனகியது. முனகல் மெல்ல மெல்லப் பெருத்து, காலடித் தரை அதிர்ந்தது. அடுக்குப்பானை கிடுகிடுத்தது.

"அது என்னய்யா சத்தம்?"

ஐசக்கின் முகம் மலர்ந்தது. இதைக் காட்டத்தானே அவர் வேகாத வெயிலில் இவ்வளவு தூரம் நடந்து வந்தது!

"பயப்படாத தாயி. அமாவாசையும் வேணாம், வெள்ளிக்கிழமையும் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். மலையில மழையும் பிடிச்சிருச்சு. காவக்கார மொக்கையன விட்டுச் சத்த முன்னாடிதான் பலகையத் தூக்கச் சொன்னேன். மேளமில்ல, பூசையில்ல, ஒரு கோழியக்கூட அறுக்கல. தண்ணி அதும்பாட்டுக்குப் போகுது, கேட்டியா? காவுமில்ல, கீவுமில்ல. போயிப் பிள்ளையக் கூட்டியா, கவுனப் போட்டுப் பாப்போம்."

வீரலட்சுமியின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது.

"இன்னும் என்ன பயம்? நான் ஒண்ணும் கண்ண மூடிக்கிட்டுத் தண்ணி விடல. ஆளோ ஆடோ உள்ள கெடந்துறப் போகுதேன்னு, வாய்க்கா வாசல்ல நின்னு தொண்ட கிழியக் கூப்பிட்டுப் பாத்தேன். ஒரு சத்தமில்ல. அதுக்கப்புறந்தான்…"

"அய்யோ, யாரு கூப்பிட்டாலும் வாயத் தொறக்காதேன்னு சொல்லித்தானய்யா அவள அதுக்குள்ள உக்கார வச்சிருக்கேன்!"