பெட்டியின் சூடு

பெட்டியின் மேல் கை வைத்தவருக்குச் சுருக்கென்றது. இளஞ்சூடு. காலையில் தன் கையாலேயே அணைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வகுப்பு எடுக்கப் போனவர், மத்தியானம்தான் திரும்பி வந்திருக்கிறார். அதுவரைக்குமா சூடு தாங்கும்?

பெட்டி என்றால் பழைய அனலாக் சிந்தசைசர், கரண்டில் ஓடும் கீபோர்டு. போட்டவுடன் வாசிக்க முடியாது; உள்ளே சூடேறும்வரை சுருதி நிற்காது. தன்னைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மனைவிக்கு மட்டும் தூசி துடைக்க அனுமதி உண்டு, அதுவும் குமிழ்களைத் திருகாமல்.

"யாராவது வந்தாங்களா?" என்று சமையலறைப் பக்கம் போய்க் கேட்டார்.

நுனிக்காலில் எக்கி நின்று, எட்டாத மேல்தட்டில் டப்பாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள் மனைவி. "மாடித் தம்பி வந்தாரு, ஒயர் கேட்டு. குடுத்தனுப்பிட்டேன்."

மாடித் தம்பி! அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு வயிறு எரியும். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் இசை போடுகிறான். வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும், அத்தனை உயரம். போதாததற்குச் சிரிப்பு வேறு. போன வாரம் மனைவி, "மாடியில போடற பாட்டு கேக்க நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"டிஜிட்டல் சத்தம் ஃபோட்டோல இருக்கற சாப்பாடு மாதிரி. பாக்கலாம், பசி அடங்காது" என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவள் தூசித் துணியை எடுத்துக்கொண்டு பெட்டியைத் துடைக்கப் போய்விட்டாள். அதுவும் இவருக்கு உறுத்தியது.

போன் அடித்தது. நாட்டியக் குழு மாஸ்டர். அவர்களுடைய புது நிகழ்ச்சிக்கு இவரும் இசை அனுப்பியிருந்தார், மாடிக்காரனும் அனுப்பியிருந்தான். கிடைத்தால் பள்ளிக்கூட வேலைக்கு முழுக்குப் போடுவதாக இருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார், உங்களது தேர்வாகல" என்றார் மாஸ்டர். "சத்தத்துல ஒரு குறையும் இல்ல. அதுல பாட்டுதான் இல்ல. நாங்க தேர்ந்தெடுத்த பாட்டும் உங்களை மாதிரியே பழைய மெஷின்ல வாசிச்சதுதான்."

"யாரு வாசிச்சது?"

"பேரு இப்ப வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. இன்னும் ஒரு பாட்டுதான் பாக்கி, இன்னிக்கே தர்றேன்னிருக்காங்க. இருங்க, வந்ததைப் போட்டுக் காட்டறேன்."

மெட்டு என்னவோ ஆளை அசத்தத்தான் செய்தது. ஆனால் இவரைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு கட்டையின் சத்தம் லேசாக நடுங்கியது. எத்தனை தடவை பழுது பார்த்தும் போகாத நடுக்கம். இவருடைய பெட்டியின் நடுக்கம்.

பெட்டியில் சூடு. ஒயர் கேட்டு வந்த மாடித் தம்பி. இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டார். பொறாமை பிடித்தவனுக்குக் கணக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிடும்.

தடதடவென்று மாடி ஏறி, அவன் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு வந்தார். "நான் இல்லாத நேரத்துல என் வீட்டுல உனக்கு என்னடா வேலை?"

"ஒயர் வாங்க வந்தேண்ணே. வாசல்லயே வாங்கிட்டுப் போயிட்டேன்."

"புளுகாதே. என் பெட்டியில வாசிச்சு மாஸ்டருக்கு அனுப்பியிருக்கே. என் பொழப்புல மண்ணைப் போட்டதும் இல்லாம..." அவர் கண் சமையலறைப் பக்கம் போனது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"எனக்குந்தான் இல்லேன்னுட்டாங்க. லேப்டாப் சத்தத்துல உசிரே இல்லையாம். சந்தோஷமா?"

வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். "நடிக்காதே. உக்காந்து வாசி. உன் கை போற போக்கைப் பாத்தா தெரிஞ்சுடும்."

மாடிக்காரன் பெட்டிக்கு முன்னால் இருந்த திருகு ஸ்டூலில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்துவிட்டன. "இவ்ளோ கீழ இறக்கி வச்சுக்கிட்டா எப்படிண்ணே வாசிக்கறீங்க?"

"நான் எங்கடா இறக்கினேன்? எழுந்திரு" என்று அவனைத் தள்ளிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலைத் திருகி உயர்த்த ஆரம்பித்தார்.

ஈரக் கையைத் துடைத்தபடி மனைவி வந்து நின்றாள்.

"அதை ஏத்தாதீங்க. எனக்கு இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கு."