நூறு பொத்தான்

தையற்காரியின் கடைக்கு வாராவாரம் தபாலில் ஒரு கவர் வரும். மேலே 'சட்டைப் பொத்தான், நூறு' என்று அச்சடித்திருக்கும். அவளே கையெழுத்துப் போட்டு வாங்கி மகனிடம் கொடுப்பாள்.

"ஆன்லைன்ல மலிவும்மா. நிறைய சேரட்டும், மொத்தமா தர்றேன்" என்பான். மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தபடியே அறைக்குள் போய்விடுவான். தைக்கத் துணி மலையாய்க் கிடக்கும்போது அவளுக்குக் கேட்க ஏது நேரம்?

உள்ளே இருந்தது போதை மாத்திரை என்று அவனைப் புதைத்த அன்றுதான் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தபால்காரர் மறுபடியும் வந்து நின்றார்.

"திருப்பி அனுப்பிடுங்கண்ணே. உங்க கால்ல வேணா விழறேன், இனிமே இதைக் கொண்டு வராதீங்க."

"அழாதம்மா. பிரிக்காம இருந்தா அனுப்பிடலாம்."

நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுக் கவரை மேசைமேல் வைத்தார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அவள் முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, அதுக்குள்ள பிரிச்சிட்டியே! பிரிச்சதைத் திருப்பி அனுப்ப முடியாதும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கவரின் மூலை கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் எச்சில் இன்னும் காயவில்லை.